நகத்தளவு ஏஞ்சலுக்குத் தீனி

சென்னை கொளத்தூரிலிருந்து ஆம்னி பஸ்ஸில் வந்த தெர்மாகோல் பெட்டிக்குள் மூன்று பைகள் இருந்தன. இரண்டில் கோமாளி மீன்கள். மூன்றாவது பையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்த பிரவீணாவுக்கு முதலில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. பையை மெல்லத் திருப்பினாள். அடி மூலையில், அவளுடைய கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு மீன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கருநீல உடம்பு. அதில் வெள்ளையும் வெளிர்நீலமுமாக வளைந்து வளைந்து கோடுகள்.

உடனே மொத்த வியாபாரி வீரமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"என்னண்ணே, ஏஞ்சல் மீன் கேட்டா ஏஞ்சல் முட்டைய அனுப்பி வச்சிருக்கீங்க?"

"சின்னதுதாம்மா நல்லா பழகும். பெருசுன்னா அடம் புடிக்கும்."

"பழகுறதுக்கு முன்னாடி பட்டினியில செத்துப் போயிருமேண்ணே. அங்க என்ன தின்னுச்சு, அதச் சொல்லுங்க."

"நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. நான் என்ன அதுக்கு எல போட்டு பரிமாறிட்டா இருந்தேன்? நீ பாத்துக்க."

பிரவீணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இது மூன்றாவது ஏஞ்சல். முந்தைய இரண்டும் அவள் கையில்தான் போயிருந்தன.

மீன் கேட்டவர் பெரம்பலூர் பல் டாக்டர் குருமூர்த்தி. அவருடைய கிளினிக்கில், காத்திருக்கும் இடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல் மீன் தொட்டி. வாரம் ஒருமுறை அரியலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் அதைச் சுத்தம் செய்வது பிரவீணாதான். முதல் ஏஞ்சலை நேராக அந்தத் தொட்டியிலேயே விட்டார்கள். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்து ஒன்பதாம் நாள் செத்தது. புது மீனைச் சில வாரம் தனியாக வைத்துக் கவனித்த பிறகுதான் கூட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று அதில் படித்துக்கொண்டாள். இரண்டாவதைத் தன் கடையிலேயே தனித்தொட்டியில் வைத்தாள். அதற்கு நோய் எதுவும் வரவில்லை. ஆனால் பன்னிரண்டு நாளும் ஒரு வாய் தீனி எடுக்கவில்லை. வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி மெலிந்து, ஒரு காலையில், ஒளிந்துகொள்ளப் போட்டிருந்த குழாய்த் துண்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது.

அதனால் இந்த முறை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"இதுவும் பட்டினியில போச்சுன்னா இனிமே ஏஞ்சல் கொண்டார மாட்டேன் சார். கடல்ல சும்மா திரிஞ்சத புடிச்சாந்து சாவடிக்கிறதுக்கு ஒரு கடை எதுக்கு? அப்புறம், அது தானா தின்னணும். உசுருள்ள தீனி மட்டும் இல்ல, நீங்க போடுற தீனியையும் தின்னணும். அதுலேருந்து முப்பது நாள் கழிச்சுத்தான் தருவேன். நடுவுல கேக்கக் கூடாது."

"என்னம்மா, பொண்ணு கேட்டு வந்தவன்ட்ட கண்டிசன் போடுற மாதிரி போடுற," என்றார் டாக்டர். ஆனாலும் சரி என்றார்.

பிரவீணாவின் ஊர் ஆண்டிமடம் பக்கம். பிளஸ் டூ முடித்ததும் நாலு வருடம் முந்திரிக் கம்பெனியில் பருப்புக்குத் தோல் எடுக்கிற வேலை. பருப்பு உடைந்தால் தரம் இறங்கிவிடும். நகம் பட்டதும் தோல் தானாகக் கழன்று வர வேண்டும். கழன்று வராததை ஒதுக்கி வைத்துவிட்டு, எது சரியில்லை, சூடா, ஈரமா என்று பார்க்க வேண்டும். கல்யாணமாகி அரியலூர் வந்தபின் ஒரு கலர் மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஐந்து வருடத்தில் முதலாளி சிங்கப்பூரில் இருக்கிற மகனோடு போய்விட, கடையை அவளே எடுத்துக்கொண்டாள். கீழே கடை, மேலே வீடு. கணவன் அறிவரசன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். மீன் வளர்ப்பில் அவளுக்குத் தெரிந்ததில் பாதி கேட்டுக் கற்றது, மீதி கெடுத்துக் கற்றது. ஒரே தவறை இரண்டாம் முறை செய்வது மட்டும் அவளுக்குப் பிடிக்காது.

புது மீனுக்கு இருபத்தைந்து லிட்டர் கண்ணாடித் தொட்டி. அடியில் மணல் கிடையாது. தீனி விழுந்தால் தெரிய வேண்டும். ஒளிந்துகொள்ள மூன்று பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள். கடைக்கு வருகிறவர்களைப் பார்த்து மிரளாமல் இருக்க மூன்று பக்கமும் செய்தித்தாள் ஒட்டினாள். பெட்டியில் வந்த பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் கிண்ணத்தில் மொண்டு விட்டாள். மீன் நேராகக் குழாய்க்குள் போய் நின்றுகொண்டது.

தீனிக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தாள். அடியை வெட்டிக் கவிழ்த்து வைத்த தண்ணீர் பாட்டிலில் கல்லுப்பைப் போட்டுப் போர் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குழாயை விட்டு, ஆர்ட்டீமியா முட்டையைப் பொரிக்கவிட்டாள். உப்பு நீர்ப் பூச்சியான அதன் குஞ்சுகள் ஆரஞ்சு நிறத் தூசி மாதிரி துடித்துத் துடித்து நீந்தும். இத்தனை சின்ன வாய்க்கு அதுதான் அளவு. அது போக, மொட்டை மாடியில் இரண்டு பிளாஸ்டிக் டப். டாக்டர் தொட்டியிலிருந்து எடுத்த பழைய கடல் தண்ணீரில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் போட்டு வெயிலில் வைத்திருந்தாள். இரண்டரை மாதத்தில் கல் முழுக்கப் பச்சைப் பாசி. பாசிக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வெள்ளைப் பூச்சிகள் ஊர்ந்தன. ஏஞ்சல் குஞ்சு கடலில் பாறையைக் கொத்திக் கொத்தித் தின்று வளர்வது என்று படித்திருந்தாள். அத்தனை நாள் மீனே படாத டப் என்பதால் வெள்ளைப் புள்ளிக் கிருமி அதில் பிழைத்திருக்காது என்றும் கணக்குப் பார்த்துத்தான் ஒரு கல்லை எடுத்துத் தொட்டிக்குள் வைத்தாள்.

முதல் நாள் மீன் எதையும் தொடவில்லை. அது வழக்கம்தான். இரண்டாம் நாள் ஆர்ட்டீமியாவைச் சொட்டுச் சொட்டாக அதன் முகத்துக்கு முன்னால் விட்டாள். மீன் கண்ணை உருட்டிப் பார்த்தது. ஒன்று மூக்கில் முட்டியது. வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் இறாலை அரைத்து விட்டாள். நாலாம் நாள் கொசுப் புழு. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் காத்திருந்து, தின்னாததைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்குப் புது உப்புத் தண்ணீர் ஊற்றினாள். வெயில் காலம், ஆவியாகிற தண்ணீரே தினம் ஒரு லிட்டர் இருக்கும். அதற்கும் ஈடு செய்தாள்.

"இன்னிக்காவது தின்னுச்சா உன் மவராசி?" என்றான் அறிவரசன், லாரியை நிறுத்திவிட்டு வந்ததும்.

"இல்ல."

"உன் சமையல் புடிக்கல போல. நான் பதிமூணு வருசமா வாயத் தொறக்காம தின்னுக்கிட்டு இருக்கேன்."

"வாயத் தொறக்காம எப்படிய்யா திங்கிற? போ, கைய கழுவிட்டு வந்து கல்லத் தூக்கு. இந்தப் பக்கம் திருப்பி வைக்கணும்."

ஆறாம் நாள் மீனின் வயிற்றில் லேசாகப் பள்ளம் விழுந்தது. பிரவீணாவுக்கு அந்தப் பள்ளம் தெரியும். இரண்டாவது மீனுக்கும் ஆறாம் நாள்தான் விழுந்தது. இன்னும் ஐந்தோ ஆறோ நாள்தான் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. கடையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்ட கப்பி மீனை எடுத்துக் கொடுக்கக்கூட அவள் எழவில்லை. வலையைக் கையில் கொடுத்து நீயே பிடித்துக்கொள் என்றாள்.

தின்ன மாட்டேன் என்கிற மீனையே பார்த்துக்கொண்டிருந்தவள், அன்று பிற்பகல் மீனை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தாள்.

தொட்டிக்குள் வைத்த கல் வெளுத்திருந்தது. ஓரங்களில் பச்சை பழுப்பாகிச் சாம்பல் போல உதிர்ந்தது. மாடிக்குப் போய் டப்பிலிருந்து இன்னொரு கல்லை எடுத்து வந்து, இரண்டையும் ஒரு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நடவுக்கு நிற்கிற நாற்றங்கால் மாதிரி, மற்றது மருந்தடித்த வரப்பு மாதிரி. பச்சைக் கல்லில் வெள்ளைப் பூச்சிகள் ஓடின. தொட்டிக் கல்லில் ஒன்றுகூட இல்லை. இரண்டும் ஒரே டப்பில் இருந்த கல். வெளிச்சம் குறைந்ததால் இருக்குமோ என்று யோசித்தாள். வெளிச்சம் குறைந்தால் பாசி மெதுவாகத்தான் போகும். பூச்சி ஆறு நாளில் ஏன் காணாமல் போக வேண்டும்? ஆர்ட்டீமியாவும் அப்படித்தான். பாட்டிலில் இரண்டு நாள் துடிக்கிற குஞ்சு, தொட்டிக்குள் விட்டால் சாயங்காலத்துக்குள் அடியில் படிந்துவிடுகிறது. மீன் தின்னாததால் செத்துக் கிடக்கிறது என்று அவள் இதுவரை நினைத்திருந்தாள்.

தண்ணீரில் ஏதோ இருக்கிறது.

வெள்ளைப் புள்ளிக்குப் போடுகிற மருந்து பாட்டில் அலமாரியில் இருந்தது. இன்னும் அதைத் திறக்கவே இல்லை. மீன் தின்னத் தொடங்கிய பிறகுதான் மருந்து என்று வைத்திருந்தாள். அதன் அட்டையில் இருந்த எச்சரிக்கையைப் பலமுறை படித்திருக்கிறாள். இது செம்பு கலந்த மருந்து. பாசிக் கல், நத்தை, இறால் எதுவும் தொட்டியில் இருக்கக் கூடாது, செத்துவிடும். மீனுக்குப் பசி குறையலாம். அவள் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, மருந்தின் அளவைப் பார்ப்பதற்காக வாங்கிய சொட்டுத் திரவத்தை எடுத்தாள். செம்பு இருந்தால் தண்ணீர் நிறம் மாறும்.

தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, சொட்டு விட்டுக் குலுக்கினாள். நிறம் மாறியது.

முதலில் அந்தத் திரவத்தைத்தான் சந்தேகப்பட்டாள். மாடி டப்பில் இருந்த தண்ணீரைச் சோதித்தாள். மாறவில்லை. கலக்கி வைத்திருந்த புது உப்புத் தண்ணீர்: மாறியது. அப்படியானால் உப்பா, தண்ணீரா? மேலே போய் வீட்டு ஆர்.ஓ. மெஷினின் குழாயிலிருந்து நேராகப் பிடித்துப் பார்த்தாள். தெளிவாகவே நின்றது. பிறகு சமையல் மேடைக்கு வந்தாள். மேடையில் செப்புக் குடம் இருந்தது. புது வீடு குடி வந்தபோது அவள் அம்மா ஆண்டாயி சீராகக் கொண்டுவந்தது. செப்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று, மெஷின் தண்ணீரை அதில் நிரப்பி வைத்துத்தான் வீட்டில் குடிக்கிறார்கள். வீட்டில் இருப்பதிலேயே சுத்தமான தண்ணீர் என்று, தனித்தொட்டிக்கு அவள் மொண்டதெல்லாம் அந்தக் குடத்திலிருந்துதான்.

ஒரு டம்ளர் மொண்டாள். சொட்டு விட்டாள். மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமான நிறம்.

சாயங்காலம் வந்த அறிவரசனுக்குச் சோதனைக் குழாய்களை வரிசையாகக் காட்டினாள். அவன் நம்பவில்லை.

"நாம தெனம் குடிக்கிறமே. நமக்கு ஒண்ணும் ஆவலையே."

"உனக்கு எழுவது கிலோ ஒடம்பு. அது அர கிராம் கூட இருக்காது. அதுவும் நாம குடிச்சிட்டுப் போயிருவோம். அது அதுக்குள்ளயே மூச்சு வாங்குது. நான் தெனம் ஊத்த ஊத்த, தண்ணி ஆவியாப் போவும், செம்பு போவாது."

அவன் குடத்தை எட்டிப் பார்த்தான். உள்ளே கழுத்தோரம் பச்சை படிந்திருந்தது.

"அப்ப போன மீனு?"

பிரவீணா சோதனைக் குழாய்களைக் கவிழ்த்தாள். "அதுக்கும் இதே தண்ணிதான். பன்னெண்டு நாளும் நான்தான் ஊத்துனேன். தீனி புடிக்கலன்னு மாத்தி மாத்தி அரைச்சேன், தண்ணிய மாத்தல."

அழுவதற்கு அப்போது நேரமில்லை. சோதித்த கையோடு மெஷினிலிருந்து நேராகப் பிளாஸ்டிக் பக்கெட்டில் பிடித்து, உப்புக் கலந்து, மோட்டாரை ஓடவிட்டிருந்தாள். ஆறு மணிக்கு உப்பும் சூடும் பழைய தொட்டியோடு ஒத்து வந்தன. செம்புப் பரிசோதனை: தெளிவு. வேறொரு கண்ணாடித் தொட்டி, புதுக் குழாய்த் துண்டுகள், மாடியிலிருந்து எடுத்த இரண்டு பச்சைக் கற்கள். மீனை வலையால் பிடிக்காமல் டம்ளரால் மொண்டு மாற்றினாள். டம்ளர் எவர்சில்வர்தான் என்று அறிவரசன் தூக்கிப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் காலை மீன் குழாய்க்கு வெளியே நின்றது. தின்னவில்லை. அதற்கடுத்த நாள் காலை ஏழு மணிக்கு விளக்கைப் போட்டபோது அது கல்லின் மேல் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. ஒரு கொத்து. சற்று விலகி, கண்ணைச் சாய்த்து, இன்னொரு கொத்து.

பிரவீணா அசையவில்லை. ஒரு கொத்து தற்செயலாக இருக்கலாம். ஐந்து வரை எண்ணினாள். ஆறாவதில் பாசியோடு ஒரு பூச்சியும் வாய்க்குள் போனதை அவளே பார்த்தாள். அப்புறம்தான் மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க! தின்னுது!"

"யாரு?" என்று பல் தேய்க்கிற வாயோடு வந்தான் அவன்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு வேளை. காலை ஏழுக்குத் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் கெடும். இடைவெளி விட்டால் அந்த வயிறு தாங்காது. இரண்டாம் நாளே ஆர்ட்டீமியாவை எட்டிப் பிடித்தது. நாலு நாளில் பள்ளம் நிரம்பியது. கற்கள் இரண்டு நாளில் மொட்டையாகிவிட, மாடி டப்பில் போட்டு வேறு இரண்டை எடுத்து வருவாள்.

"எனக்கு மூணு வேள, அதுக்கு எட்டு வேள," என்றான் அறிவரசன்.

"நீயும் கல்லக் கொத்துறியா, எட்டு வேளையும் போடுறேன்."

தின்னத் தொடங்கிய பத்தாம் நாள் டாக்டர் குருமூர்த்தியே காரில் வந்துவிட்டார். கையில் மூடி போட்ட பக்கெட். ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு ஆண்டு விழாவாம், சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிறார்களாம். தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஏஞ்சல் ஆரஞ்சுத் தூசியைத் துரத்தித் துரத்தித் தின்றுகொண்டிருந்தது.

"நல்லாதானம்மா திங்குது? குடு, கொண்டு போறேன்."

"உசுருள்ளது மட்டும்தான் சார் திங்குது. நீங்க போடுற தீனியைத் திரும்பிக்கூட பாக்கல. அங்க கொண்டு போனா மறுபடியும் பட்டினி."

"அதான் நீ இருக்கியே. அந்தப் பூச்சியக் கொண்டாந்து போட்டுட்டுப் போ."

"எட்டு வேளையும் பெரம்பலூருக்கு வரவா சார்? பஸ்லயே குடியிருக்க வேண்டியதுதான்."

டாக்டர் சிரிக்க முயன்று விட்டுவிட்டார். "இங்க பாரு பிரவீணா, மீனு என்னுது."

"உசுரோட வந்து சேந்தா உங்களுது சார். அதுவரைக்கும் என்னுது. முன்னாடியே சொன்னேன்."

"வேற ஆளே கெடைக்க மாட்டாங்கன்னு நெனச்சுக்காத."

"கெடைப்பாங்க சார். தொட்டிய அவங்களே பாத்துக்கட்டும். மீனு மட்டும் முப்பது நாளு ஆவட்டும், நானே கொண்டாந்து விட்டுர்றேன்."

அவர் காலிப் பக்கெட்டோடு போனார். அந்த வாரமும் அடுத்த வாரமும் கிளினிக்கிலிருந்து போன் வரவில்லை. பிரவீணாவுக்கு அது உறுத்தியது. ஆனாலும் ஏழு மணித் தீனி ஏழு மணிக்கே போனது.

செத்த தீனிக்குப் பழக்குவது முந்திரித் தோல் மாதிரிதான் என்று அவளுக்குப் பட்டது, இழுத்தால் உடையும். உயிருள்ள ஆர்ட்டீமியாவோடு, உறையவைத்ததைக் கால் பங்கு கலந்தாள். மீன் வாயில் வாங்கித் துப்பியது. துப்பியதை மறுபடி எடுத்துப் பார்த்தது. மூன்று நாள் கழித்து அரைப் பங்கு. இன்னொரு பக்கம், இறாலும், கொள்ளிடத்திலிருந்து வந்த மட்டிச் சதையும், கடல்பாசித் தாளும் சேர்த்து அரைத்து, அந்த விழுதைக் கல்லின் குழிகளில் தேய்த்து லேசாகக் காயவைத்து உள்ளே இறக்கினாள். கல் என்றால் கொத்துவது அதன் பழக்கம். கொத்தினால் வாயில் விழுது வரும். நாலு கல் வீணானது. தண்ணீர் கலங்கி இரண்டு முறை பாதித் தண்ணீரை மாற்ற வேண்டி வந்தது. ஐந்தாவது கல்லில் பாசியைத் தேடிப்போன மீன், விழுது இருந்த குழியில் வாயை வைத்தது, விலகியது, திரும்பி வந்து அதே குழியைக் கொத்தியது. அன்றுதான் காலண்டரில் முதல் நாள் என்று வட்டம் போட்டாள்.

முப்பது நாளில் மருந்தும் முடிந்தது. பாசிக் கல்லை வெளியே எடுத்துவிட்டு, வெறும் மட்டி ஓட்டின் மேல் விழுதைத் தேய்த்துக் கொடுத்தபடி, மருந்தைத் தினம் அளந்து அளந்து போட்டாள். மருந்து ஓடிய நாட்களில் தீனி குறைந்தது, நிற்கவில்லை. முப்பத்தோராம் நாள், நகத்தளவாக இருந்தது பெரிய ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு வந்திருந்தது. பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினாள்.

டாக்டர் ஒரு நோயாளியின் வாயில் கருவியோடு இருந்தார். "விட்டுட்டுப் போம்மா," என்றார் உள்ளிருந்தே, கோபமா இல்லையா என்று தெரியாத குரலில். பையை மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் எடுத்து, மீனைத் தொட்டியில் விட்டாள். விழுது தேய்த்த ஓட்டையும் முன்பக்கமாக வைத்தாள். மற்ற மீன்கள் ஓட்டில் மொய்த்தன. ஏஞ்சல் பின்னால் பாறை இடுக்கில் போய் நின்றது.

பிரவீணா நோயாளிகளுக்கான நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பஸ் போனது. இரண்டாவதும் போனது. கன்னம் வீங்கிய ஒரு அம்மாள் கேட்டாள்:

"உனக்கு எந்தப் பல்லும்மா?"

"பல்லு நல்லாதாங்க இருக்கு. மீனு சாப்புடட்டும்னு ஒக்காந்திருக்கேன்."

அந்த அம்மாள் வலியை மறந்து தொட்டியைப் பார்த்தாள். "எது?"

"அந்த இடுக்குல. நீலம்."

கதவைத் திறந்து வெளியே வந்த டாக்டர், "இன்னும் போவலியா? நான் போட்டுக்கிறேம்மா, போ," என்றார்.

"அது தின்னட்டும் சார், போறேன்."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிரவீணா பையிலிருந்து இரண்டாவது ஓட்டை எடுத்து, இடுக்குக்கு எதிரே, பெரிய மீன்கள் நுழைய முடியாத இடமாகப் பார்த்துச் சாய்த்து வைத்தாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏஞ்சல் தலையை நீட்டியது. உள்ளே போனது. மறுபடி நீட்டி, ஓட்டை ஒரு கொத்துக் கொத்தியது.

"தின்னுருச்சு!" என்றார் டாக்டர்.

"இருங்க சார். ஒண்ண வச்சு சொல்ல முடியாது."

அது திரும்பி வந்தது. இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது முறை இடுக்குக்குப் போகாமலே அங்கேயே நின்று தின்றது. பிரவீணா எழுந்து, மீதி விழுது இருந்த டப்பாவை டாக்டரிடம் கொடுத்தாள்.

"ஒரு நாளைக்கு அஞ்சு வேள சார். மறக்காதீங்க. செவ்வாக்கெழம தொட்டி கழுவ வரவா, வேற ஆளு வராங்களா?"

"நீயே வா," என்றார் டாக்டர், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.